அடுப்பங்கரை ஜனாதிபதியும் அந்தோணியின் விடையும்

என் அந்தோணி,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதியோடு எழுதியிருக்க வேண்டும். முடியவில்லையடா. ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். வெளியே வரும் வழி தெரிகிறது, அதில் காலெடுத்து வைக்கத்தான் தைரியம் வரவில்லை. யாரிடம் சொல்வது? இதைக் கேட்டுவிட்டுச் சிரித்து, பிறகு ஒரு யோசனை சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

எழுதி முடித்ததும் இதை நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். ஊரைப் பார்த்து எழுதினால் எனக்கு வாக்கியமே வருவதில்லை. உன்னைப் பார்த்து எழுதினால் வருகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் வில்லியனூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீ இயற்பியல், நான் வரலாறு. நீ மாதா கோயில் தெரு, நான் ஈசுவரன் கோயில் தெரு. ஒதியம்பட்டில் இந்த இரண்டு தெருவும் எதிலும் ஒன்றாக நின்றதில்லை. நம்மை ஒன்றாக உட்கார வைத்தது உன் வீட்டு ரேடியோ.

கூரையிலிருந்து தென்னை மரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பாய். சாயங்காலமானால் சிற்றலையில் வெளிநாட்டு நிலையங்களின் தமிழ் ஒலிபரப்பு வரும். ஒரு நிமிடம் தெளிவாக இருக்கும், அடுத்த நிமிடம் கடல் இரைவது போல ஆகிவிடும். அதைக் கேட்பதற்கென்றே நேயர் மன்றம் வைத்தோம். நீ தலைவர், நான் செயலாளர். உறுப்பினர் என்று பெரிதாக யாரும் இல்லை.

அந்த நிலையங்களில் மாதாமாதம் பொது அறிவுப் போட்டி வைப்பார்கள். நாம் விமானத் தபாலில் விடை அனுப்புவோம். ஒரு முறை ஒரு நிலையம் கேட்டது: வானொலியில் உரையாற்றிய முதல் அமெரிக்க ஜனாதிபதி யார்? நான் எழுதியது எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரியவரை. குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு மனிதர் போல மக்களோடு பேசினாரே, அவரை. நீ ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ரொம்ப முன்னால் இருந்த ஒருவர் பெயரை எழுதினாய்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுடா. ஆனா ரேடியோ அவருக்கு முன்னாடியே வந்துடுச்சு. மைக்க கொண்டாந்து முன்னால வெச்சா, எந்த அரசியல்வாதிடா பேசாம எழுந்து போவான்?"

மாதக் கடைசியில் நிலையம் விடையை அறிவித்தது. என் விடைதான். நீ ரேடியோவைப் பார்த்து, "அடுப்பங்கரையில பேசினவன்லாம் மொத ஆளுன்னா, எங்க வூட்ல லூர்துதான் ஜனாதிபதி" என்றாய். உள்ளேயிருந்து உன் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகும் நீ விடவில்லை, நிலையத்துக்கே மறுப்பு எழுதினாய். பதில் வரவில்லை.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சண்டையானாலும் நிலையம் சொன்னால் முடிந்தது. அன்றைக்கு நம்மிடம் வேறு என்ன இருந்தது? நல்ல நூலகம் போக வேண்டுமானால் நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும், போனாலும் வெளிநாட்டு வரலாறு ஓர் அலமாரிதான். காற்றில் வந்த குரல்தான் நமக்கு நீதிபதி. நீ முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உன் பெயரில் வினாடி வினா வைக்கிறோம் என்பது உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த வருடம் நானும் உன் மகள் ஸ்டெல்லாவும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு தெருவிலிருந்தும் அணிகள் வரும். ஒரே மேடை, ஒரே பெஞ்சு, முடிந்ததும் ஒரே பந்தி. தேர் இழுக்கும்போதும் சேராதவர்கள், கொடியேற்றத்தின்போதும் சேராதவர்கள், இதற்கு வருகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ பின்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பது போலவே எனக்கு இருக்கும்.

கேள்வி தயாரிப்பது நான், நடுவரும் நான். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு விடையையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இந்த வருடம் உன் நினைவாக இருக்கட்டும் என்று அந்தப் பழைய கேள்வியைக் கடைசியில் சேர்த்தேன். அதை மட்டும் சரிபார்க்கவில்லை. ஏன் சரிபார்க்க வேண்டும்? நிலையமே சொன்னதாயிற்றே!

கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு அணிகள் சமமாக நின்றன. ஒன்று ஸ்டெல்லாவுடையது. இன்னொன்று என் அண்ணன் மகன் தண்டபாணியுடையது. கேள்வியைப் படித்தேன். படித்து முடிக்கும் முன்பே ஸ்டெல்லா மணியை அடித்தாள். நீ எழுதி அனுப்பிய அதே பெயரைச் சொன்னாள்.

தவறு என்றேன். தண்டபாணி அடுப்பங்கரைக்காரரைச் சொன்னான். சரி என்றேன். எங்கள் தெரு எழுந்து விசிலடித்தது.

"மாமா, நல்லா பாருங்க. எங்கப்பா சொன்ன பதில் இது" என்றாள் ஸ்டெல்லா.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கையில் மைக் இருந்தது, கூட்டம் சிரித்த முகமாக இருந்தது. எனக்கு என்றைக்கும் வராத தைரியம் அன்றைக்கு வந்து தொலைத்தது. "அம்மாடி, இந்தக் கேள்வியில உங்கப்பா அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு" என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. நம் பழைய கேலியைத்தான் சொன்னேன் அந்தோணி. ஆனால் அந்தக் கேலியின் பாதி உன்னிடம் அல்லவா இருக்கிறது? மேடைக்குப் பின்னால் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அந்தப் படத்துக்கு முன்னால், உன் பெயர் எழுதிய துணிக்குக் கீழே நின்று, உன் மகளிடம் அப்படிச் சொன்னேன்.

மாதா கோயில் தெருக்காரர்கள் யாரும் அன்று பந்தியில் உட்காரவில்லை.

மறுநாள் குழுவில் ஆரம்பித்தது. "கேள்வி சித்தப்பாவுது, பதில் புள்ளையாண்டானுது, கப்பு குடும்பத்துக்கு" என்று ஒருவர். "பேரு மட்டும் எங்களோடது, மேடை உங்களோடது" என்று இன்னொருவர். டீக்கடையில் என்னைக் கண்டதும் ஒருவன், "சார், நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல மொதல்ல மைக் புடிச்ச பிரசிடென்ட் யாரு? அதுக்கும் உங்க வூட்டு ஆளுதானா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதெல்லாம் போகட்டும். ஸ்டெல்லா எழுதியது ஒரே வரிதான். "மாமா, அடுத்த வருஷத்துலேர்ந்து எங்கப்பா பேர எடுத்துடுங்க."

அந்த வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல். உன் பெயரை எடுத்துவிட்டால் உன் தெரு வராது. உன் தெரு வராவிட்டால் அது வெறும் எங்கள் தெரு விழா. உன்னோடு கழித்த சாயங்காலங்களுக்கெல்லாம் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு மேடைதான்.

அப்போதும் நான் சரி என்றுதான் நினைத்திருந்தேன். நிரூபித்துக் காட்டி, பக்குவமாகச் சொன்னால் அவள் ஏற்றுக்கொள்வாள் என்று நம்பினேன். செல்போனில் தேடினேன். ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர். பஸ் ஏறி நகரத்து நூலகத்துக்குப் போனேன். ஒரு நாளில் முடியவில்லை. மறுபடி போனேன்.

அந்தோணி, நீ சொன்னதுதான் சரியாக இருக்கிறது.

அடுப்பங்கரைக்காரருக்கு முன்னால் இருந்தவர் வானொலியில் பேசியிருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்தவரும் பேசியிருக்கிறார். அவருக்கும் முன்னால் இருந்தவர், நீ எழுதியனுப்பிய அந்த மனிதர், ஒரு நினைவுச் சின்னத் திறப்பு விழாவில் பேசியது அப்படியே ஒலிபரப்பாகியிருக்கிறது. நம் அடுப்பங்கரைக்காரர் நான்காவதாக வந்தவர். தொலைக்காட்சியில் முதலில் தோன்றிய ஜனாதிபதி என்ற பெருமை அவருக்கு உண்டு என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ஆனால் நான் கேட்டது தொலைக்காட்சியை அல்லவே. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில் அவருக்குப் பேர் வந்துவிட்டது. பேர் வந்தவரையே முதல் ஆள் என்று எடுத்துக்கொண்டோம், நானும் அந்த நிலையமும். (பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும்.)

நூலகத்தில் நான் உன் பெயரை வாய்விட்டுச் சொன்னதை எதிரில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டுவிட்டு, "தண்ணி வேணுமா தாத்தா?" என்று கேட்டாள். உனக்காகச் சந்தோஷப்படுவதா, என்னை நினைத்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேறொரு புத்தகத்தில் நான்கே வரியில் ஒரு குறிப்பு. உன் ஆளுக்கும் முன்னால் இருந்த ஜனாதிபதி கப்பலில் வரும்போது, கம்பியில்லாக் கருவியில் மற்றக் கப்பல்களில் இருந்த படைவீரர்களோடு பேச முயன்றாராம். அதையும் வானொலி உரை என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டாம். பொதுமக்கள் கேட்கும் ஒலிபரப்பு இல்லை என்று தள்ளுபவர்களும் உண்டாம். பல நாள் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தவறாகத் தீர்ப்புச் சொன்னவன் இரண்டாவது முறையும் தவறினால்? நீ இருந்தால் ஒரே சிரிப்பில் தீர்த்துவைப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லையே.

கடைசியில் உன் வீட்டுக்குப் போனேன். லூர்து நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்டெல்லா ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அந்தப் பக்கங்களின் நகலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"உங்கப்பா சொன்னதுதாம்மா சரின்னு தோணுது. நான்தான் தப்பு."

"என்கிட்ட ஏன் மாமா சொல்றீங்க? மைக்ல சொன்னீங்க. மைக்லயே சொல்லுங்க."

"சொல்லலாம்மா. ஆனா இன்னொரு புத்தகத்துல கப்பல்ல ஒருத்தர்..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அப்போ எங்கப்பாவும் தப்பா இருக்கலாம், அதானே?"

"இருக்கலாம். தெரியலம்மா."

"அப்போ அத்தயும் சேர்த்தே சொல்லுங்க. எங்கப்பா தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவாரு மாமா. அவரு தோத்தா தோத்துட்டுப் போறாரு. நீங்க பார்க்காமயே பார்த்த மாதிரி சொல்லிட்டீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அதான் எனக்கு ஆறல."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தண்டபாணிக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

"இன்னா சித்தப்பா இது? ஒரு செத்துப்போன அமெரிக்காக்காரனுக்காவ ஊர ரெண்டாக்கப் போறீங்களா?"

"ஊர் ஏற்கெனவே ரெண்டாத்தாண்டா இருக்குது."

"நான் ஒரு வழி சொல்றேன். கேள்வி செல்லாதுன்னு ரத்து பண்ணிடலாம். ரெண்டு டீமும் ஜெயிச்ச மாதிரி. கப்பு ஆறு மாசம் எங்க வூட்ல, ஆறு மாசம் அவங்க வூட்ல. யாருக்கும் தலகுனிவு இல்ல."

எனக்கு அது தேன் மாதிரி இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். என்னைப் போன்ற கோழைக்கென்றே தைத்த சட்டை அது. ஆனால் ரத்து செய்துவிட்டால் நீ சொன்னது சரியா, தவறா? அது அப்படியே தொங்கும். "இன்னைக்கும் தப்பு" என்று நான் சொன்னது மட்டும் கூடத்தில் நிற்கும்.

தயங்கினேன். அவன் முகம் மாறியது. "கப்பு டிவி பக்கத்துல குந்தினு இருக்குது. புள்ளைங்க டெய்லி தொடைச்சி வெக்கிதுங்க. அத்தப் புடுங்கினு போனா அதுங்க முன்னாடி நான் இன்னாத்துக்கு ஆவேன்? மைக் புடிச்சி எதுனா சொன்னீங்கன்னா, தை மாசம் என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்."

என் அண்ணன் இல்லை. அந்தக் கல்யாணத்தில் குடும்பத்துப் பெரியவனாக முன்னால் நிற்க வேண்டியவன் நான். அந்தப் பெண் நடை பழகியது என் விரலைப் பிடித்துக்கொண்டு. தண்டபாணி கெட்டவன் இல்லை அந்தோணி. அவன் கேள்விக்குப் பதில் சொன்னான், நடுவர் சரி என்றார், கோப்பை வாங்கினான். அவன் மேல் என்ன தப்பு? என் தவறுக்கு அவன் பிள்ளைகள் முன்னால் அவன் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அவன் கோபம் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருப் பெரியவர்களும் பள்ளிக் கூடத்தில் கூடினார்கள். உன் தெரு ஒரு பக்கம், என் தெரு ஒரு பக்கம். நடுவில் காலி நாற்காலிகள். தண்டபாணி ரத்து யோசனையைச் சொன்னான். பலர் தலையாட்டினார்கள். நடுவர் என்ன சொல்கிறார் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றேன். தண்டபாணியைப் பார்த்தேன். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "சற்று யோசித்துச் சொல்கிறேன்" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா எழுந்து வெளியே போனாள். கதவருகில் நின்று, "வர்றேன் மாமா" என்றாள். திட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் சொல்லாமலே போயிருக்கலாம். "வர்றேன் மாமா" என்றாளடா! அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முடிவை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் நடுவர் வாய் திறக்காவிட்டால் ரத்துதான். உன் தெரு தனியாக ஒரு போட்டி வைக்கப்போவதாகவும் பேச்சு. அதற்கு உன் பெயர், இதற்கு வேறு யாராவது பெயர்.

வீட்டில் என் மனைவியிடம் புலம்பினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல தப்பா பதில் சொன்ன புள்ளைங்கள எல்லாம் பெஞ்சு மேல ஏத்தினீங்க இல்ல? இப்போ நீங்க ஏறுங்க. கால் வலிக்காது."

"கல்யாணம்?" என்றேன்.

அவள் கை நின்றது.

இந்த வாரம் முழுக்க வயல் பக்கம் நடந்து நடந்து பேசிப் பார்த்தேன். வயல் என்றா சொன்னேன்? கரும்பு போட்டிருந்த இடமெல்லாம் மனைக்கல் நட்டுவிட்டார்கள். கற்களைப் பார்த்துத்தான் பேசினேன். ஆளில்லாத இடத்தில் வார்த்தை கோர்வையாக வருகிறது. ஆளைப் பார்த்தால் போய்விடுகிறது. இந்த வயதில் இப்படி ஒரு பயமா? யாருக்குப் பயப்படுகிறேன்? கோபிக்கிறவர்களுக்கா, இல்லை, மறுபடியும் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கேவா?

நேற்றுதான் ஒன்று தெளிந்தது. கப்பல்காரரைச் சேர்த்துக்கொண்டாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி, அடுப்பங்கரைக்காரர் முதல் ஆள் இல்லை. எந்தக் கணக்கிலும் இல்லை. உன் விடை முழுக்கச் சரியா என்பதில் அறிஞர்களுக்குள் ஒரு மயிரிழைச் சந்தேகம் இருக்கலாம். என் விடையில் சந்தேகமே இல்லை, அது தவறு. இவ்வளவு தெரிந்தால் போதாதா ஒரு நடுவனுக்கு? மிச்சத்தைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். உன் மகள் அதைத்தான் கேட்டாள்.

ஆகவே இந்தக் கடிதத்தை இன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாகவே, குழுவில் போட்டுவிடுகிறேன். போட்ட பிறகு என்னால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல முடியாது. பின்னால் நகர இடம் வைத்துக்கொண்டால் நான் நகர்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆனால் இது போதாது என்பதும் தெரியும். எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்.

வாக்குத் தருகிறேன் அந்தோணி. ஞாயிற்றுக்கிழமை அந்த மைக்கைக் கேட்டு வாங்குவேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். "நான் சரிபார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன். என் விடை தவறு. ஸ்டெல்லா சொன்ன விடையைத்தான் நான் பார்த்த புத்தகங்களில் பெரும்பாலானவை சொல்கின்றன. கோப்பை அவர்களுடையது. தண்டபாணி எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தோணியைப் பற்றி நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வேன். சொல்லி முடிக்கும்வரை உட்கார மாட்டேன்.

அதற்குப் பிறகும் ஸ்டெல்லா உன் பெயரை எடுக்கச் சொன்னால், எடுத்துவிடுவேன். அது அவள் உரிமை. தை மாதம் கூப்பிடாவிட்டால், பந்தலுக்கு வெளியே, ரோட்டோரம் நின்றாவது அந்தப் பிள்ளை தாலி கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு வருவேன்.

உன் வீட்டில் ரேடியோ சத்தத்துக்கு நடுவில் நாம் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டோம் என்பது நம் இரண்டு தெருவுக்கும் தெரியாது. தெருவில் நீ என்னை சார் என்பாய், நானும் உன்னை சார் என்பேன். இன்று எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

உன் மச்சான்,
கலியபெருமாள்
ஈசுவரன் கோயில் தெரு, ஒதியம்பட்டு